ஆடி வெக்கையில் ஒரு பனிவண்டி

நத்தார், கிறிஸ்மஸ் காலத்தில் கடைகளில் போடும் அந்தக் குதிரைப் பனிவண்டி இசையில், இடையிடையே சவுக்கடி ஒன்று கேட்கும். பள்ளிக்கூட இசைக்குழுவில் என் மகள் துளசிக்குக் கிடைத்தது அந்தச் சவுக்கடிதான். இரண்டு பலகையைச் சேர்த்து 'டப்' என்று அடிக்கவேணும்.

அவள் வீட்டில் அந்த இசையைப் போட்டுவிட்டுப் பழகத் தொடங்கியது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். ஞாயிறில் இங்கே சுவிசில் சத்தம் கூடாது, சுவரில் ஆணிகூட அடிக்கக்கூடாது. அந்தப் பயத்தில், கொளுத்துகிற வெயிலிலும் யன்னல் எல்லாவற்றையும் பூட்டினேன்.

கதவுமணி அடித்தது. கீழ்வீட்டுச் சுவிஸ்காரி. படியில் கண்டால் தலையாட்டிவிட்டு நான் விலகிப்போகிற மனுசி.

"அம்மா, பொலிசுக்குச் சொல்லப்போறாவோ?" துளசி பலகையை ஒளித்தாள்.

மன்னிப்புக் கேட்க நான் வாய் திறக்க முன்னம் அவ கேட்டா: "ஏன் யன்னலைப் பூட்டினீங்கள்? எனக்கு வடிவாக் கேட்கேல்லை. இதை எழுதின மனுசனும் இப்படி வெக்கையிலதான் எழுதினவராம். திறந்துவிடுங்கோ."

திறந்தேன். அவ மெட்டை முணுமுணுக்க, துளசி அடித்தாள். மூன்று பேருக்கும் வேர்த்து ஒழுகியது.

இப்போது துளசிக்குச் சூரிச்சில் வேலை. கீழ்வீட்டில் வேறு ஆரோ இருக்கினம். மார்கழியில் கடைக்குள் அந்த இசை போனால் எல்லாருக்கும் பனி ஞாபகம் வரும். நான் குளிர்ச்சட்டையின் ஸிப்பை இழுத்துத் திறந்துவிட்டு, சவுக்கடி வரும்வரைக்கும் நிற்பேன்.