கொழுந்துத் தராசில் கேப்டன்

அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பந்து மைதானம். மத்தியான வெயில். இரண்டு சீட் ஹெலிகாப்டருக்குள் நானும் கேப்டன் ஃபாரூக்கும். தரையிலிருந்து ஒரு முழம் எழும்பியதும் ஹார்ன் அலறியது. மேலே சுழலும் ரோட்டாரின் வேகம் குறைகிறது என்று அர்த்தம். கேப்டன் மெதுவாக இறக்கி வைத்தார்.

“என்ன புள்ள, நீ போட்ட கணக்குல இது பறக்கணுமே?”

பறந்திருக்க வேண்டும். எனக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை.

பதுளையில் எங்கள் பயிற்சி நிலையம் புதிது. அதில் நான் ஆபரேஷன்ஸ் உதவியாளர். கேப்டன் தலைமைப் பயிற்றுநர். மாணவர்களுக்காக ஒரே ஒரு ஹெலிகாப்டர்தான் வாங்க முடியும். விற்பவர்கள் இரண்டைப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். ஒன்று டர்பைன் இன்ஜின் போட்ட பெரியது. மற்றது பிஸ்டன் இன்ஜின் போட்ட குட்டி. பெரியது குடிக்கிற எரிபொருளுக்குப் பயிற்சிக் கட்டணம் எங்கேயோ போய்விடும். குட்டி என்றால் நானும் முதல் பேட்சில் சேரலாம். அதனால் ஆபீஸில் குட்டிக்காக நான் வாதாடாத ஆளில்லை.

“மலையில காத்து லேசு. இந்தப் பொடிசு மூச்சு வாங்கும்” என்பதே கேப்டனின் பதில். அதற்காகத்தான் இந்தச் சோதனை.

உயரம், வெப்பம், எடை மூன்றையும் சார்ட்டில் வைத்தால் ஹெலிகாப்டர் எழும்புமா என்று தெரிந்துவிடும். ஆனால் எடை பார்க்கும் தராசைப் பதுளையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். மைதானத்துக்குப் பக்கத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவம் இருந்தது. கணக்கப்பிள்ளை செல்லையா தராசுக் கொக்கியில் சாக்கை ஊஞ்சல் மாதிரி கட்டி, எங்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, தன் பக்கம் இருந்த திரையைப் பார்த்து எடையைச் சொன்னார். கேப்டனுக்கு எண்பத்து நாலு.

கேப்டனுக்கு முகமெல்லாம் பல். “பாத்தியா புள்ள? ஒரு மாசமா சோத்தக் குறைச்சேன். வீட்டுல நம்பவே இல்ல!”

அதே எடைகளோடு காலையில் பெரியது அலட்டிக்கொள்ளாமல் எழும்பியது. குட்டிக்கும் சார்ட்டில் கோட்டுக்குள்தான் வந்தது. பிறகு ஏன் இந்த ஹார்ன்?

இறங்கி வந்தபோது மடுவத்தில் கொழுந்து நிறுக்க வரிசை நின்றது. முன்னால் நின்ற ராணி அக்கா கேட்டார், “ஏன் தங்கச்சி, மேல போகலியா?”

“எடை கூடிருச்சு போலக்கா. நிறுத்தப்ப சரியாத்தான் இருந்துச்சு.”

“யாரு நிறுத்தது, இவரா?” அக்கா செல்லையாவின் பக்கம் திரும்பினார். “ஐயா, எங்க கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரி இவங்களுக்குமா கழிச்சீங்க?”

செல்லையா தலையைச் சொறிந்தார். “சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ரெண்டு... வாய் தானா சொல்லிருச்சும்மா.”

“கேப்டன் என்ன, மழையில நனைஞ்ச கொழுந்தா?”

வரிசையே குலுங்கிச் சிரித்தது. கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப நான் மெலியல்லயா?”

தலைக்கு நாலு, இரண்டு பேருக்கும் எட்டு கிலோ. சாக்கு இப்போதும் கொக்கியில் தொங்கியது. அதன் உண்மையான எடை அரைக் கிலோகூட வராது. அதை மட்டும் கழித்து, மிச்சத்தை எங்கள் எடையோடு கூட்டிச் சார்ட்டில் வைத்தேன். கோட்டுக்கு வெளியே போனது. குட்டி தோற்றுவிட்டது, என் இடமும் போயிற்று என்று நினைத்தபடி கேப்டனிடம் காட்டினேன்.

அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கூடின அளவுக்கு எரிபொருளை இறக்கச் சொன்னார். மறுபடி ஏறினோம். குட்டி எழும்பி அசையாமல் நின்றது. ஹார்ன் வாயைத் திறக்கவில்லை.

இறங்கியதும் கேப்டன் கேட்டார், “காலையில பெருசு இதே பிழையோட நம்மளத் தூக்கிட்டுப் போச்சே, உனக்குத் தெரிஞ்சிச்சா?”

“இல்ல கேப்டன்.”

“எனக்கும் தெரியல்ல. பழகுற புள்ளைகளுக்கு அது சரிவராது. சின்னதையே எடுப்போம். ஆனா மலைக்கு வாறதுன்னா காலைக் குளிர்ல மட்டும்தான்.”

அந்த நேரம் ராணி அக்கா தன் கொழுந்தைக் கொக்கியில் மாட்டினார். “எனக்கும் கழிக்காம, பைலட் கணக்குலயே நிறுங்கய்யா. பறக்கணும்ல?” வரிசை மொத்தமும் செல்லையாவின் வாயையே பார்த்தது. அவர் திரையில் இருந்ததை அப்படியே சொன்னார்.

இப்போது நான் முதல் பேட்சில் இருக்கிறேன். தராசில் ஏறுகிறவரே எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் சட்டம். பயிற்சிக்கு ஹெலிகாப்டர் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எவ்வளவு தூக்கும் என்று கேட்பதற்கு முன்னால், நம் பிழையை எந்த உயரத்தில் சொல்லும் என்று கேளுங்கள். தரைக்கு ஒரு முழத்திலேயே சொல்கிறதா? அதை வாங்குங்கள்.