டொக்டரம்மாவின் மேசை

என் மகனுக்குக் காதில் குரல் கேட்கிற வருத்தம். ஸ்கிசோஃப்ரீனியா என்று மாத்தளை கிளினிக்கில் சொன்னார்கள். ஊசியும் மாத்திரையும் பிடித்து, இப்போது குரல் அடங்கியிருக்கிறது. தேயிலை பெக்டரியில் பழைய வேலைக்கே போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். பெக்டரி ஐயாவைக் கேட்டோம்.

"மெஷின் பக்கம் நிக்கிறவனுக்குக் கவனம் வேணும். கவனம் இருக்குன்னு டொக்டர் சொல்லட்டும், மறுநாளே வா" என்றார்.

எனக்குப் பிறகு அவன் சோற்றுக்கு வழி அந்த ஒரு சொல்லில் இருந்தது.

இரத்தோட்டையிலிருந்து மாத்தளை கிளினிக்குக்குப் பஸ் ஏறிப் போனோம். டொக்டர் சின்ன வயதுப் பெண், நல்ல தமிழ். நான் சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டேன். அவர் மகனிடம், "நான் ஒவ்வொரு எழுத்தா வாசிப்பேன். 'அ'ன்னு சொன்னா மட்டும் கையால மேசையில தட்டுங்க, சரியா?" என்றார். இவன் தலையாட்டினான்.

வாசித்தார். வாசித்துக்கொண்டே போனார். மேசையில் சத்தமே இல்லை.

குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். ஒவ்வொரு 'அ'வுக்கும் இவன் விரல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒன்றிரண்டு தவறியது. அதையும் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். டொக்டரோ மேசையை மட்டும் பார்த்தார்.

அந்நியர் முன்னால் வாய் திறக்காதவள் நான். அன்று எழுந்துவிட்டேன்.

"டொக்டரம்மா, அவன் தட்டுறானுங்க. கீழ, தொடையில."

"இடையில பேசாதீங்கம்மா. டெஸ்ட் பழுதாகிடும்."

"கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்."

"மேசையிலதானே தட்டச் சொன்னேன்? சொன்னபடி செய்றாரான்னுதான் பார்க்கிறோம். உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்புக்காரி வேறு என்ன செய்ய? கவனம் போதாது, ஆறு மாதம் போகட்டும் என்று முடித்துவிட்டார்.

பஸ்ஸில் கேட்டேன். "ஏன்டா மேசையில தட்டல?"

"அது டொக்டரம்மா மேசைம்மா" என்றான், எனக்குப் புத்தி சொல்கிறவன் மாதிரி.

இவன் சின்னவனாக இருந்த காலத்தில், தோட்ட ஆபீசில் பேசும்போது மேசையில் கை ஊன்றிவிட்டார் என்று இவன் அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பட்டினியில் வளர்ந்த பிள்ளை. பெரியவர்கள் மேசையை எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை.

பெக்டரி ஐயா வேறு ஆளை எடுத்துவிட்டார். "பார்த்தியா கெழவி, நான் அப்பவே சொன்னேன்ல?" என்று சிரிப்பு வேறு.

அடுத்த தடவைக்காக இப்போது வீட்டில் பழக்குகிறேன். நான் எழுத்துகளைச் சொல்ல, இவன் எங்கள் சோத்து மேசையில் ஓங்கித் தட்டுகிறான். தண்ணீர்க் குவளை ஆடுகிறது. "இதையே டொக்டரம்மா மேசைன்னு நெனச்சுக்கிட்டுத் தட்டு" என்றால், கை தானாக மடிக்கு இறங்கிவிடுகிறது.