சரளைப் பாதையில் பிரிசில்லா டீச்சர்

தேவசகாயத்தை அடக்கம் செய்து மூன்றாம் நாள் அவருடைய சைக்கிள் வீடு வந்து சேர்ந்தது. செந்தமிழ்செல்வன் அதை ஒரு டாடா ஏஸ் வண்டியில் ஏற்றி வந்து திருப்பாதிரிப்புலியூர் வீட்டு வாசலில் இறக்கினான். சிங்கப்பூரிலிருந்து தேவசகாயத்தின் தம்பி வாங்கி அனுப்பிய கியர் சைக்கிள். அகலமான டயரின் பள்ளங்களில் வாய்க்கால் கரைச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"எங்க வெக்கிறது அண்ணி?"

"எப்பவும் வெக்கிற எடத்துலயே வெய்யிங்க தம்பி," என்றாள் தேவசகாயத்தின் மனைவி பிரிசில்லா. உள்ளே போய் அவனுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அவனால்தான் அந்தக் காப்பியைக் குடிக்க முடியவில்லை.

தேவசகாயம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். செந்தமிழ்செல்வன் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவன். சனிக்கிழமை தவறாமல் இருவரும் சைக்கிளில் கிளம்பிவிடுவார்கள். கேப்பர் மலைச் சரளை, முந்திரித் தோப்பு, கெடிலம் ஆற்று மணல் என்று சுற்றுவார்கள். தெம்பு இருக்கும் நாளில் சேத்தியாத்தோப்பு தாண்டி, ராஜன் வாய்க்கால் கரையோடு சிதம்பரம்வரை போவார்கள். மகள் அறிவுமதி அங்கேதான் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். "தார் ரோட்ல ஓட்டுறதுல என்னா இருக்குது? லாரிக்கு வழி வுட்டே பொழுது போயிடும்," என்பார் தேவசகாயம். பிரிசில்லா ஒருநாளும் கூடப் போனதில்லை. சனிக்கிழமை அவளுக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் நாள்.

2009 செப்டம்பரில் அந்த வாய்க்கால் கரையில்தான் அவர் விழுந்தார். டீக்கடையில் நிற்கலாம் என்று செல்வன் முன்னால் போயிருந்தான். வெகுநேரம் ஆகியும் ஆள் வராததால் திரும்பி வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

பிரிசில்லா அழவில்லை. சபைப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, எந்த நேரமும் உடைந்துவிடுவாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளோ வந்தவர்களுக்கு நாற்காலி பத்துமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். விடுப்பு முடிந்ததும் பள்ளிக்கூடம் போனாள். கணக்குப் பாடம் எப்போதும்போல் நடந்தது. சாப்பிட்டீர்களா டீச்சர் என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பாள். என்ன சாப்பிட்டாள் என்பதை யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. துக்கம் என்று ஒன்று எங்கோ பக்கத்து அறையில் இருப்பது தெரிந்தது, கதவுதான் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

பொங்கல் விடுமுறையில் செல்வனுக்குப் போன் செய்தாள்.

"அவுரு வுளுந்த எடத்த நான் பாக்கணும் தம்பி."

"கார் வெச்சி கூட்டிகினு போறேன் அண்ணி."

"கார் வாணாம். அவுரு போன வழியிலயே, அவுரு சைக்கிள்லயே போவணும்."

"அது சரளையும் மணலும் அண்ணி. பழக்கமில்லாம முடியாது."

"பழகிக்கிறேன்."

பள்ளி நாட்களில் சைக்கிள் ஓட்டியதோடு சரி. செல்வன் சீட்டை இறக்கிக் கொடுத்தான். மத்தியச் சிறையின் பின்பக்கமாகக் கேப்பர் மலைக்கு ஏறும் செம்மண் பாதையில் பழகினாள். "ஹேண்டில இறுக்கிப் புடிக்காதீங்க அண்ணி. சரளையில வண்டி ஆடத்தான் செய்யும், ஆட வுடுங்க," என்று பின்னாலிருந்து கத்துவான். முதல் வாரமே விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். ரத்தம் மணிக்கட்டுவரை வழிந்ததை யாருடைய கையிலோ வழிவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள். செல்வன்தான் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினான்.

பாஸ்டரம்மா வீடு தேடி வந்தார். "புருஷன் போயி இன்னும் வருஷம் திரும்பல. சுடிதார போட்டுக்கினு ஆம்பளகூட காட்டுல சுத்துதுன்னு பேசறாங்கம்மா."

"பேசட்டும்," என்றாள் பிரிசில்லா. கோபம்கூட வரவில்லை. பேச்சு செல்வனின் மனைவி கயல்விழி காதுக்கும் போயிற்று. அடுத்த சனிக்கிழமை அவளே ரெண்டு பேருக்கும் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு தெருமுனைவரை வந்து, நாலு பேர் பார்க்க வழியனுப்பிவிட்டுப் போனாள்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினார்கள். கேப்பர் மலையில் முந்திரி பூத்திருந்தது. பூவின் வாசம் அடிக்கிறது என்பது பிரிசில்லாவுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். குள்ளஞ்சாவடி தாண்டி, பெருமாள் ஏரிக் கரையில் கொஞ்ச தூரம் போய், வெள்ளாற்றைக் கடந்து வாய்க்கால் கரையில் ஏறினார்கள். வாய்க்காலில் தண்ணீர் குறைந்து, திட்டுத் திட்டாக நின்றிருந்தது. ஒரு மதகுக்குப் பக்கத்தில் செல்வன் சைக்கிளை நிறுத்தினான்.

"இங்கதான் அண்ணி."

ஒரு பூவரச மரம். கட்டைப்புல். தூரத்தில் எருமைகள். பிரிசில்லா அந்த இடத்தைப் பார்த்தாள். பார்ப்பதற்கு வேறு ஒன்றுமில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கரையேறி வந்தாள். தில்லையம்மாள் என்று பேர். அவள் முதலில் பார்த்தது சைக்கிளைத்தான்.

"அன்னிக்கி வுளுந்தாரே, அவுரு வூட்டுக்காரம்மாவா நீங்க?"

பிரிசில்லா தலையாட்டினாள்.

"வரும்போதே ஒருபக்கமா சாஞ்சிகினுதான் வந்தாரும்மா. ஓடியாந்து தண்ணி குடுத்தேன். ஒரு வாய் குடிச்சாரு."

"எதனா சொன்னாரா?"

தில்லையம்மாள் தயங்கினாள். "சைக்கிளு வெயில்ல கெடக்குது, கொஞ்சம் நெழல்ல வுடுங்கன்னாரு. நான் அத தூக்கி மரத்துல சாத்திட்டுத் திரும்பறதுக்குள்ள..."

"வேற எதுவும் சொல்லலியா?"

"இல்லியேம்மா."

செல்வன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்தான். தில்லையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிரிசில்லா அவள் தோளைத் தொட்டு, "அழாதீங்க, நீங்க என்னா பண்ணுவீங்க," என்றாள். இங்கே வந்தால் அழுகை வந்துவிடும் என்று நம்பித்தான் இரண்டு மாதம் பழகியிருந்தாள். எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சைக்கிளில் ஏறினாள்.

சிதம்பரத்தில் ஹாஸ்டல் வாசலில் அறிவுமதி அம்மாவையும் பார்க்கவில்லை, செல்வனையும் பார்க்கவில்லை. சைக்கிளையே பார்த்தாள்.

"இத ஏம்மா எடுத்த?"

"அப்பா வுளுந்த எடத்துக்குப் போயிட்டு வரேன்."

"ஊரே அழுதுச்சி. நீ ஒரு சொட்டு கண்ணீர் வுட்டியா? அன்னிக்கி அழாம, இப்ப அவரு சைக்கிள்ல ஊர் சுத்துற." சொல்லச் சொல்லவே மகள் அழுதுவிட்டாள்.

"அழ வரல அறிவு. நானும் பாத்துட்டேன். வரவே இல்ல." பிரிசில்லா உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். ஹேண்டிலைப் பிடித்துப் பிடித்துக் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. "இது வலிக்குதான்னுகூட எனக்கு சரியா தெரியல."

அறிவுமதி அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே ஓடிப்போய் ஆயின்மென்ட் கொண்டுவந்து, அழுகை நிற்காமலே தடவிவிட்டாள். திரும்பும்போது சைக்கிள்களைப் பஸ் கூரையில் ஏற்றினார்கள். பிரிசில்லா ஜன்னலோரம் தூங்கிப்போனாள்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் செல்வனோடு சைக்கிளில் போனாள். ஏன் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் இருப்பதும் ஒன்றுதான், போவதும் ஒன்றுதான். போனால் முழங்கால் நோவுக்காவது ஒரு காரணம் இருந்தது.

2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் அடித்தது. கரண்ட் இல்லாமல் ஊர் நாள்கணக்கில் கிடந்தது. ஜனவரியில் ஒருநாள் செல்வன் கேப்பர் மலையில் இருந்த தன் அப்பாவின் முந்திரித் தோப்பைப் பார்க்கக் கிளம்பியபோது பிரிசில்லாவும் கூடப் போனாள். பாதையே இல்லை. மரங்கள் வேரோடு சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளைகளுக்கு நடுவே புகுந்து போனார்கள். எப்போதும் நிழலாக இருக்கும் மலை, வெள்ளை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

தோப்பில் ஒரு மரமும் நிற்கவில்லை. செல்வன் ஒரு அடிமரத்தின் மேல் உட்கார்ந்து, தலையில் கைவைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். நாற்பது வயது ஆள். மூக்கு ஒழுகுவதைத் துடைக்கவும் தோன்றாமல் அழுதான்.

பிரிசில்லா எதிரே இன்னொரு மரத்தில் உட்கார்ந்தாள். சமாதானம் சொல்லவில்லை. அவனைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

"நல்லா அழுவுங்க தம்பி," என்றாள். "என்னாலதான் முடியல."

செல்வன் நிமிர்ந்தான். "அன்னிக்கி நான் முன்னால போயிருக்கக் கூடாது அண்ணி."

"நீங்க பக்கத்துல இருந்தாலும் சைக்கிள நெழல்ல வுடத்தான் சொல்லியிருப்பாரு," என்றாள். செல்வனுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. ஆனால் அவன் சிரித்தது பிடித்திருந்தது.

விழுந்த மரங்களை அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போக மாதக்கணக்கில் ஆயிற்று. செல்வன் தோப்பில் ஒட்டுக்கன்று நட்டான். அறிவுமதி படிப்பை முடித்து சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்த ஆகஸ்டில் ஒரு மழைக்கு மறுநாள், கேப்பர் மலையிலிருந்து கெடிலத்துப் பக்கம் இறங்கும் சரிவில் பிரிசில்லாவின் பின்சக்கரம் வழுக்கியது. மழைத் தண்ணீர் பாதையை அரித்து ஓடையாக்கியிருந்தது. சைக்கிள் அவள் சொல்பேச்சு கேட்காமல் இறங்கியது. "ஐயோ! ஐயோ!" என்று அவள் போட்ட சத்தம் ஆற்றுப்பக்கம்வரை கேட்டது. பள்ளத்தின் விளிம்பில் ஒரு காரைப்புதர் சைக்கிளைப் பிடித்து நிறுத்தியது.

செல்வன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். முள் கிழித்த இடமெல்லாம் எரிந்தது, எரிவது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

"அடி ஜாஸ்தியா அண்ணி?"

"பயந்துட்டேன் தம்பி." கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் சொன்னாள். "ரொம்ப பயந்துட்டேன்."

போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். விழுந்ததைச் சொன்னாள், பயந்ததைச் சொன்னாள். அறிவுமதி எடுத்த எடுப்பில் திட்ட ஆரம்பித்தாள். இந்த வயசில் இது தேவையா, உனக்கு ஏதாவது ஆனால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று ஓயாமல் திட்டினாள். மகள் முடிக்கும்வரை பிரிசில்லா போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, கோணிப்போன ஹேண்டிலை நேராக்கச் சொல்லி செல்வனிடம் கொடுத்தாள். மிச்சச் சரிவில் ஏறி ஓட்டவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கால் வைத்து ஆற்றுக்கு இறங்கினாள்.