வேதாந்தம் நிரப்பிய படிவம்

வேதாந்தத்திடம் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால்கூட ஆம், இல்லை என்று பதில் வராது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. டெல்லியில் ஓர் அமைச்சகத்தின் பார்லிமென்ட் பிரிவில், எம்.பி.க்கள் கேட்கும் கேள்விகளுக்கு இருபத்தொன்பது வருஷமாகப் பதில் எழுதிக் கொடுத்தவர். 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது', 'பரிசீலனையில் உள்ளது' என்று மந்திரி எதிலும் மாட்டிக்கொள்ளாமல் வாக்கியம் அமைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எட்டு மந்திரிகள் வந்து போனார்கள். ஒருத்தருக்காவது அவர் பதிலால் தலைவலி வந்ததில்லை.

2003-இல் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. தெற்கு டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில், தூரமும் கிட்டமும் சேர்ந்து தெரியும், மூக்குக்கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லி மல்டிஃபோகல் லென்ஸ் வைத்தார்கள். சொன்னதில் பொய்யில்லை. மாத்திரை அட்டையில் எறும்பு மாதிரி ஊர்கிற எழுத்தையெல்லாம் வெறுங்கண்ணால் படித்தார். படித்ததோடு விட்டாரா? ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளப் பாக்கெட்டைக் கையில் எடுத்து, தயாரித்த தேதி, முகவரி எல்லாவற்றையும் கடைக்காரன் காதுபட வாசித்துக் காட்டினார். அவர் குடியிருந்த கிட்வாய் நகர் முழுக்க அவர் கண் புராணம்தான்.

சாயங்காலம் ஆனால்தான் வண்டவாளம் தெரியும். எதிரே வருகிற ஒவ்வொரு விளக்கையும் சுற்றி மூன்று வளையம். வளையத்துக்குப் பின்னால் வருவது லாரியா ஆட்டோவா, பக்கத்தில் வருகிறதா தூரத்தில் வருகிறதா, ஒன்றும் பிடிபடாது. டிசம்பர் பனிமூட்டத்தில் ரோடும் காரும் ஒரே சாம்பல். கண் பழகப் பழகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். பெரும்பாலானவர்களுக்குச் சரியாகியும் விடுகிறதாம். இவருக்கு ஆகவில்லை.

அவர் மனைவி வைதேஹி லாஜ்பத் நகரில், மாலை ஷிஃப்ட் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆபீஸ் முடிந்து அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வருவதுதான் வழக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்கூட்டர் மூலையில் முடங்கியது. ஏன் என்று கேட்டதற்கு, "பார்த்துண்டிருக்கேன்" என்றார். அவர் ஆபீஸ்காரர்களுக்கென்று ஓடும் சார்ட்டர்ட் பஸ்ஸில் சௌகரியமாக வீடு திரும்ப, அவள் ஆறரை மணி இருட்டில் ரோட்டோரம் நின்று, கூட்டம் பிதுங்கும் ப்ளூலைன் பஸ்ஸைப் பிடித்தாள்.

ஆபரேஷன் ஆன ஆறாம் மாதம், லென்ஸ் பற்றிய ஆய்வுக்காக ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா? 'சில சமயங்களில் தெரிவதாகக் கருத இடமுண்டு.' திருப்தியா? 'ஒட்டுமொத்தமாக, குறைகூறும் அவசியம் எழவில்லை.' பிறருக்குச் சிபாரிசு செய்வீர்களா? 'அவரவர் கண்ணைப் பொறுத்தது.' எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தார். நன்றாக வந்திருப்பதாகவே பட்டது.

2006-இல் வைதேஹிக்கும் புரை. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர் ஜ்யோத்ஸ்னா. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"ஆன்ட்டி, அங்கிளுக்குப் போட்ட லென்ஸே போட்டுடலாம். டீக் ஹை?"

"இவருக்கு நன்னா இருந்தா எனக்கும் அதுவே போறும்" என்ற வைதேஹி அவர் பக்கம் திரும்பினாள். "ஏன்னா, நீங்க சொல்லுங்கோ. நான் இருட்டினப்புறம் ரோட்டுல நின்னு பஸ் நம்பர் பார்த்தாகணும். இதைப் போட்டுக்கலாமா?"

"அது அவரவர்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். இத்தனை விளக்குகள், இத்தனை வளையங்கள், அதற்கு நடுவில் பஸ் என்று நினைத்து எதற்கோ கை காட்டிக்கொண்டு ரோட்டில் இறங்குகிற வைதேஹி. எல்லாம் அவர் கண்முன் வந்தது.

"வேண்டாம்" என்றார்.

ஜ்யோத்ஸ்னா பழைய ஃபைலைப் புரட்டினாள். "அங்கிள், உங்க ஃபார்ம்ல ஒரு கம்ப்ளெயின்ட்கூட இல்லியே. எங்க ஸ்டடில உங்களை சாட்டிஸ்ஃபைட்னு போட்டிருக்கேன்."

"அதை எழுதினவன் நான். அதனாலதான் சொல்றேன், நம்பாதீங்கோ" என்றார் வேதாந்தம். "சாயங்காலமானா எனக்கு ரோடே புரியலை. ஸ்கூட்டரைத் தொடாததுக்கு அதுதான் காரணம். இவளுக்கு சாதா லென்ஸ் போடுங்கோ. படிக்கறதுக்கு ஒரு கண்ணாடி மாட்டிண்டா ஆச்சு."

டாக்டர் எழுதிக்கொண்டாள். வைதேஹி நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"மூணு குளிர்காலம் என்னை பஸ் ஸ்டாப்புல நிக்க வெச்சேள். இதை அன்னிக்கே ஏன் சொல்லலை?"

சபையில் ஒரு கேள்விக்குப் பின்னால் எந்தெந்தத் துணைக் கேள்வி கிளம்பும் என்று யோசித்து, அதற்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதி வைக்கிற மனுஷர். இந்த ஒன்றுக்கு மட்டும் எழுதி வைக்காத பதிலைச் சொன்னார்.

"வெட்கமா இருந்தது" என்றார்.