ஒரு நாள் முந்திய செய்திகள்

என் அண்ணன் மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் வகுப்பில் யாராவது தும்மினால் அடுத்த நிமிடம் அது எங்கள் வீட்டு செல்போனில் வந்து விழும். பெற்றோருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. பிள்ளை பென்சில் பிடிப்பது ஒரு படம், அதே பென்சிலைச் சீவுவது இன்னொரு படம், சாயங்காலம் டீச்சரின் குரலில் அன்றைய சமாசாரம். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றுவிடாமல் பார்ப்பாள். போன மாதம் ஒரு நாள் பார்த்து முடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னத்த அனுப்பி என்ன. ஒன் டீச்சரம்மா எழுதுன மாதிரி வருமா?"

நான் மெல்ல எழுந்து நழுவப் பார்த்தேன். கொச்சிக்குப் பக்கத்தில் காக்கநாட்டில் ஓர் அலுவலகத்தில் எட்டுப் பேருக்கு வேலை சொல்கிறவள் நான். ஆனாலும் நழுவத்தான் பார்த்தேன். ஏனென்றால் டீச்சர் எழுதியதாக அம்மா இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருப்பதெல்லாம் என் வாயிலிருந்து வந்தவை.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. கொச்சியிலேயே மட்டாஞ்சேரியில் ஒரு சந்தில் குடியிருந்தோம். முன்னறை அப்பாவின் தேய்ப்புக் கடை, பின்னறை வீடு. அப்பா காலையில் சைக்கிளில் போர்ட் கொச்சிக்குப் போய் சின்னச் சின்ன ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை மூட்டை கட்டி வருவார். சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் அவரும் அம்மாவும் பகல் முழுக்கத் தேய்ப்பார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அம்மா மீன்காரச் சேச்சியிடம் மலையாளத்தில் பேரம் பேசி ஜெயிப்பாள். எழுத்தென்று வந்தால் அவளுக்கும் அப்பாவுக்கும் மலையாளத்தில் ஓர் எழுத்து தெரியாது.

அண்ணன் எங்களோடு இல்லை. இங்கே பாடம் ஏறவில்லை என்று அப்பா அவனை ஊரில் அத்தை வீட்டில் விட்டுத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். அத்தை நல்லவள்தான். ஆனால் லீவுக்கு வந்தபோது அண்ணன் சொந்த வீட்டுப் பானைக்கு முன்னால் நின்றுகொண்டு, "தண்ணி குடிச்சுக்கிடட்டுமா?" என்று அம்மாவிடம் கேட்டான். அன்றைக்கு அம்மா ஒரு விரிப்பைக் கருக்கிவிட்டாள்.

அடுத்தது நான் என்பது எனக்குத் தெரியும். இவளும் தேறவில்லையென்றால் கிறிஸ்துமஸ் லீவில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று அப்பா சொன்னதை நானே கேட்டேன். தேறுகிற வழிதான் தெரியவில்லை. சந்தில் நான் பெரிய வாயாடி, இரண்டு மொழியிலும் சண்டை போடுவேன். வகுப்பில் ஊமை. முதல் வாரத்தில் அவசரத்தில் தமிழில் எதையோ கேட்டுவிட, பின்பெஞ்சிலிருந்து ஒருவன் தமிழர்களை இளக்காரமாகக் கூப்பிடுகிற மாதிரி 'பாண்டி' என்றான், எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குப் பூட்டிய வாய் வகுப்பில் திறக்கவே இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டைரி. வகுப்பில் நடந்ததை டீச்சர் ஒன்றிரண்டு வரி எழுதி அனுப்புவார். வீட்டில் படித்து, பதில் இருந்தால் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் படிப்பதும் நான், பதில் எழுதுவதும் நான். கையெழுத்து மட்டும் அம்மா, தமிழில், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு. திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்திருந்தார்கள்.

ஓணம் லீவு முடிந்த வாரத்தில் டீச்சர் எழுதினார்: 'மகள் வகுப்பில் வாய் திறப்பதே இல்லை. அம்மா ஒரு நாள் வந்து என்னைப் பார்க்க வேண்டும்.'

விரிப்புக் கட்டின்மேல் உட்கார்ந்து டைரியைத் திறந்தேன். எதிரில் அம்மா, அந்தப் பக்கம் அப்பா.

"என்ன எழுதிருக்காவ?" என்றாள் அம்மா.

"இன்னிக்கு நான் கிளாஸ்ல பாட்டுப் பாடுனேனாம். நல்லாப் பாடுனேனாம்."

எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா தேய்ப்பதை நிறுத்திக் கேட்டுக்கொண்டார். வந்த ஆபத்து போயிற்று என்று நான் மூச்சுவிட்டேன். அப்போது அம்மா பதில் சொல்லத் தொடங்கினாள்.

"எழுது. டீச்சரம்மாவுக்கு வணக்கம். எம்பிள்ள பாடுனான்னு எழுதிருந்திய, ரொம்ப சந்தோசம். கூச்சப்படுவா. நீங்களே கூப்பிட்டு இன்னொருக்க பாடச் சொல்லுங்க."

இதை நான் எழுதியிருக்கக் கூடாது. எதையாவது கிறுக்கியிருக்கலாம். ஆனால் அம்மா பக்கத்தில் நின்று, "எழுதிட்டியா? எங்க, எவ்வளவு எழுதிருக்க?" என்று வரிகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். சொன்னதை மலையாளத்தில் எழுதவே எனக்கு நாக்குத் தள்ளியது, புதிதாக ஒன்றை யோசித்து எழுத எங்கே போவேன். அதோடு, பொய்க்குக் கீழே அம்மாவைக் கையெழுத்துப் போட வைத்தால் சாமி கண்ணைக் குத்தும் என்றும் பயம். வாயால் சொன்னதற்கு மட்டும் அந்தப் பயம் ஏனோ வரவில்லை. சொன்னதை அப்படியே எழுதினேன்.

மறுநாள் வயிற்றுவலி வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் டைரியைப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே ஒரு 'டிக்' போட்டு மூடிவைத்தார். அவ்வளவுதான். டீச்சர்கள் பிழையைத்தான் பார்ப்பார்கள், விஷயத்தைப் பார்ப்பதில்லை என்று அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

மத்தியானம் கஞ்சியும் பயறும் சாப்பிட்டு வந்ததும் டீச்சர், இன்றைக்கு எல்லாரும் ஒரு பாட்டுப் பாடலாம், மூன்றாவது பெஞ்சிலிருந்து தொடங்கலாம் என்றார். மூன்றாவது பெஞ்சில் முதல் ஆள் நான். தெரிந்த மலையாளப் பாட்டெல்லாம் மறந்துபோய், அம்மா தேய்த்துக்கொண்டே முணுமுணுக்கிற தாலாட்டு ஒன்றைத் தமிழில் பாடினேன். நாலு வரி. குரல் காற்றுப்போன டயர் மாதிரி வந்தது. யாரும் சிரிக்குமுன் டீச்சர் கைதட்டிவிட்டதால் மற்றவர்களும் தட்ட வேண்டியதாயிற்று.

அன்றைய டைரியில் 'இன்று பாடினாள். நன்றாகப் பாடினாள்' என்று இருந்தது. எனக்கு இது பெரிய சங்கடம். நேற்றே சொன்ன செய்தியை இன்றைக்கு எப்படிப் படிப்பது? அம்மா புதிதாக எதிர்பார்த்து நிற்கிறாள். "போர்டு மூலையில தினமும் எத்தன பேர் வந்திருக்காவன்னு எழுதுற வேல எனக்குத்தானாம்" என்றேன். அம்மா சொன்ன பதிலை எழுதினேன்: 'போர்டில் தினமும் எத்தனை பேர் என்று எழுத அவளுக்குக் கை எட்டாது. பார்த்துக்கொள்ளுங்கள்.'

மறுநாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு சாக்பீஸைக் கொடுத்தார். போர்டுக்குக் கீழே ஒரு முக்காலி தயாராக இருந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீட்டில் நான் சொல்வது மறுநாள் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. எங்கள் சந்தில் ஒருவருக்குக் கருநாக்கு, அவர் சொன்னால் பலிக்கும் என்று பேசிக்கொள்வார்கள். நான் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. முக்காலியைப் பற்றி நான் சொல்லவே இல்லையே, அது எப்படி வந்தது என்று மட்டும் அந்த நாக்குக்காரிக்குத் தோன்றவில்லை.

அப்புறம் துணிச்சல் வந்தது. மத்தியானச் சாப்பாட்டில் முட்டை போடுகிற நாளில் டீச்சர் எனக்கு இரண்டு முட்டை தரச் சொன்னார் என்றேன். அம்மா, 'இரண்டு முட்டை வேண்டாம், அவளுக்குச் சூடு ஆகாது, ஒன்றே போதும்' என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். ஒன்றுதான் வந்தது. என் வித்தையில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று வருந்தினேன். ஆனால் நடுவில் ஒன்று நடந்திருந்தது. தினமும் போர்டில் எழுதிய எண்ணிக்கையை நான்தான் உரக்கப் படிக்க வேண்டும். படித்துப் படித்து வாய் பழகிவிட்டது. 'பாண்டி' என்றவனே ஒரு நாள் என்னிடம் பென்சில் கடன் கேட்டான்.

அப்பா மட்டும் அசையவில்லை. டிசம்பரில் ஊருக்கு டிக்கெட் எடுத்தார். எனக்கு மட்டும் திரும்பி வர டிக்கெட் இல்லை.

அன்றைக்குச் சொன்ன பொய்தான் பெரிது. "என்ன எங்கயும் அனுப்பக் கூடாதாம். ஆண்டு விழாவுல நான்தான் வரவேற்புச் சொல்லணுமாம்." சொல்லும்போதே அழுதுவிட்டேன். அம்மாவும் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னாள்: "விழாவுல அவதான் வரவேற்புச் சொல்லணும், எங்கயும் அனுப்பக் கூடாதுன்னு எழுதிருந்திய. அவ அப்பா நம்ப மாட்டேங்காவ. நீங்க ஒரு வார்த்த நேர்ல வந்து சொன்னா கேப்பாவ." எழுத்துகள் நனைந்த அந்தப் பக்கத்தில் டீச்சர் பிழை திருத்தவில்லை. டிக் மட்டும் போட்டார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எதுவும் நடக்கவில்லை. நாக்கு செத்துவிட்டது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் டீச்சர் எங்கள் கடை வாசலில் நின்றார். கையில் குடை, பையில் தேய்ப்பதற்கு மூன்று சேலைகள். நான் விரிப்பு மூட்டைக்குப் பின்னால் பதுங்கினேன். என் மானம் போகும் நேரம் வந்துவிட்டது. அம்மா அவருக்கு ஸ்டூல் போட்டு, சாயா வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒப்பித்தாள். பாடச் சொன்னது, போர்டில் எழுத வைத்தது, இரண்டாவது முட்டை. தினமும் இத்தனை எழுத உங்களுக்கு எப்படி நேரம் கிடைக்கிறது என்று கேட்டாள். டீச்சர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு அப்பாவுக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்தி, என்னை எங்கேயும் அனுப்ப வேண்டாம் என்று மலையாளத்தில் சொன்னார்.

"இவளெ எங்ஙோட்டும் விடண்டா. விழாவுக்கு வரவேற்பு பறயான் எனிக்கு இவள் வேணும், கேட்டோ."

அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சரிங்க டீச்சர்" என்றார். ஊருக்குப் போனோம், நானும் திரும்பி வந்தேன். அடுத்த வருஷம் அண்ணனும் வந்துவிட்டான். வரவேற்பில் இரண்டாவது வரியை மறந்து மூன்றாவதற்குத் தாவினேன், அம்மாவுக்கு அது தெரியவில்லை.

நாலாம் வகுப்பில் வேறு டீச்சர். டைரியில் அவர் எதுவும் எழுதுவதில்லை, நாங்களும் பதில் எழுதவில்லை. நான் லீடர் ஆகிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. வித்தை போய்விட்டதே என்று இரண்டு நாள் அழுதேன்.

போன மாதம் அப்படி உதட்டைப் பிதுக்கிய கையோடு அம்மா ரேஷன் கார்டு வைத்திருக்கிற டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த டைரியை எடுத்து வந்தாள். பேத்தியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "படிட்டி, மொதப் பக்கத்துல இருந்து" என்றாள்.

நான் புரட்டினேன். என் கோணல் எழுத்தில் அம்மா சொன்ன பதில்கள். 'பாடினாள் என்று எழுதியிருந்தீர்கள்.' 'கை எட்டாது.' 'ஒன்றே போதும்.' ஒவ்வொன்றுக்கும் அடுத்த பக்கத்தில் டீச்சரின் எழுத்தில், அது நடந்துவிட்டது என்ற செய்தி. என் பொய்யையெல்லாம் நானே மலையாளத்தில் எழுதி, அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கி, டீச்சர் மேஜையில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அவர் ஒவ்வொன்றையும் அம்மா கேட்டபடி உண்மையாக்கியிருக்கிறார். பலித்தது என் நாக்கு என்று எட்டு வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழையபடி படித்திருக்கலாம். அம்மா நம்பியிருப்பாள். ஆனால் முதல் பக்கத்தை உள்ளபடி படித்தேன். வாய் திறப்பதே இல்லை, அம்மா வந்து பார்க்க வேண்டும்.

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "அப்ப அன்னிக்கு நீ பாடலியா?"

"இல்லம்மா."

கண்ணாடியை முந்தானையில் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"மறுநாள் பாடுனல்லா?"

"பாடுனேன்."

"பின்ன என்ன," என்று கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். "அடுத்த பக்கத்தப் படி."