ஜெயபுரத்தில் எஞ்சின் ஆறும்வரை

ஜெயபுரம் தாண்டியதும் என் பழைய ஜீப் சூடேறி நின்றுவிடுகிறது. பொனற்றைத் திறந்தால் ஆவி பறக்கிறது. வயலிலிருந்து தண்ணீர்க் கானோடு வந்தவர் அதைத் தருவதாயில்லை.

"ஆறட்டும் தம்பி. சுடச்சுட ஊத்தினா எஞ்சின் வெடிச்சுப்போடும்."

சொல்வது சரிதான். ஆனால் தள்ளிப்போய் யாருக்கோ போன் எடுக்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் "இன்னும் சூடு" என்கிறார்.

உழவு இயந்திரத்தில் நான்கு பேர் வந்து இறங்குகிறார்கள். ஜீப்பின் பின்கதவைத் திறந்து, உதிரிச் சில்லையும் தூக்கிப் பார்க்கிறார்கள்.

"என்ன தேடுறீங்கள்?"

"எல்லைக்கல்லு," என்கிறார் கான்காரர். "முந்தி ஒரு ஜீப்பும் இப்பிடித்தான் பழுதெண்டு நிண்டது. விடியப் பார்த்தா காணியைப் பிடிக்க எங்கட வயலுக்கை கல்லு நட்டிருக்கு."

ஜீப்பில் கல் இல்லை. அவர் கானை நீட்டுகிறார்.

"ஊத்துங்கோ. எஞ்சின் அப்பவே ஆறீட்டுது."