வலிக்காத கால்

மாரியம்மாவின் பிள்ளைகளுக்கு வணக்கம். சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்கிறவர்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். நான் சொல்லப்போவது முழுக்க நாற்றம்தான். மூன்று வாரம் என் இடது கால் என் வீட்டிலேயே அழுகிக்கொண்டிருந்தது.

என் பெயர் மணியம். மலேசியாவில் மெர்போக் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறேன். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, எனக்குப் பத்து வருடமாக உண்டு. மாத்திரை அலமாரியில் தூங்கும். நான் கெட்டிப்பால் போட்ட தேநீர் குடிப்பேன். என் மனைவி பரமேஸ்வரி கேட்டால், “எனக்கு ஒண்ணும் ஆவாதுலா, அம்மா இருக்கா” என்பேன். அந்த வாயை இன்று நினைத்தால் அறையத் தோன்றுகிறது.

எங்கள் மாரியம்மன் கோயில் தீமிதியில் ஆறு வருடம் இறங்கியிருக்கிறேன். மற்றவர்கள் குழியைக் கடக்க ஓடுவார்கள். நான் நடப்பேன். நடுவில் நின்று கும்பிட்டும் காட்டுவேன். சனம் “ஓம் சக்தி” என்று அலறும். எனக்குச் சுடவே சுடாது. விரதம் சுத்தமாக இருந்தால் நெருப்பு சுடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சுட்டது என்று முகம் சுளித்தவனிடம், “என்னத்தைத் தின்னுட்டு வந்து இறங்குனே?” என்று பலர் முன்னால் கேட்டிருக்கிறேன். வீட்டில் நடக்கும்போது சிலிப்பர் கழன்று பின்னால் கிடக்கும். எனக்குத் தெரியாது, பரமேஸ்வரிதான் எடுத்துக்கொண்டு வருவாள். அது ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

போன வருடத் தீமிதி முடிந்து நாலைந்து நாளில் வீட்டுத் தரையில் ஈரத் தடம் தெரிந்தது. குழாய் ஒழுகுகிறது என்று நினைத்துப் பரமேஸ்வரி துடைத்தாள். மறுநாளும் தடம். ஒழுகியது குழாய் இல்லை, நான். உள்ளங்கால் பிளந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, பழைய கைலியைக் கிழித்துக் கட்டிக்கொண்டேன். கிளினிக் போக மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். போனால் காலை வெட்டுவார்கள், அப்புறம் லோரி ஏது, சோறு ஏது? பார்க்க வந்தவர்கள் இரண்டு ரகம். ஒரு ரகம் மூக்கைப் பிடித்துக்கொண்டே, “சின்னக் காயம்தாண்ணே, சரியாயிடும்” என்றது. இன்னொரு ரகம் வாசலிலேயே நின்று, “சாமி குத்தம், எங்கேயோ தீட்டுப் பட்டிருக்கு” என்றது. இரண்டு ரகத்தில் ஒருவர்கூடக் கட்டை அவிழ்த்துப் பார்க்கவில்லை. தூ!

பரமேஸ்வரியின் தைரியம் எனக்கு எரிச்சலாக இருந்தது. “வெட்டுறதா இருந்தாலும் எது வரைக்கும்னு கேட்டுட்டு வருவோமேங்க. விரலோட போனா நல்லதுதானே” என்றாள். “உனக்கென்ன, உன் காலா?” என்று கத்தினேன். அவள் என் புண்ணைக் கழுவிய வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அழுகல் எண்ணெய்ப் பிசுக்குப்போல் வாளியில் ஒட்டியிருக்கும். அதைத் தினமும் கழுவினாள்.

மூன்றாவது வாரம் என் நாற்றமே எனக்குப் பொறுக்கவில்லை. ஹாலில் அம்மா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். “தாயே, இந்த அழுகலை எடு. இல்லாட்டி என்னை எடு” என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பரமேஸ்வரி கட்டை அவிழ்த்தாள். காயத்துக்குள் வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது. ஒன்றிரண்டு இல்லை, கொத்தாக. நான் அலறிவிட்டேன். உயிரோடு இருக்கும்போதே என்னைத் தின்ன அம்மா ஆள் அனுப்பிவிட்டாள், கதை முடிந்தது என்று முடிவுசெய்துவிட்டேன். பரமேஸ்வரி குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“இப்பவாச்சும் வருவீங்களா? இல்ல, அதுங்களுக்கும் சோறு போட்டு வளர்க்கப் போறீங்களா?”

புழுவோடு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. அந்த அருவருப்புதான் என்னை ஆஸ்பத்திரிக்குத் தள்ளியது.

டாக்டர் இளம்பெண், நம் தமிழ்ப் பிள்ளை. மூக்கைச் சுளிக்காமல் ஒவ்வொரு புழுவாக எடுத்தார். கழுவிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

“செத்த சதையை மட்டும்தான் தின்னிருக்கு அங்கிள். அடியில சதை சிவப்பா இருக்கு. ரெண்டு விரல் போகும். கால் நிக்கும். ஆனா இன்னும் ஒரு வாரம் வீட்டுல இருந்திருந்தா நான் முழங்காலுக்கு மேல வெட்டியிருப்பேன்.”

அழுகலை எடு என்று அம்மாவிடம் கேட்டேன். எடுத்திருக்கிறாள். அவள் அனுப்பியதைத்தான் நான் சாபம் என்று அலறியிருக்கிறேன்.

பரமேஸ்வரி தீமிதியைப் பற்றிச் சொன்னதும், “நெருப்புல நடக்கும்போது வலிக்கலையா?” என்று டாக்டர் கேட்டார். “இல்லம்மா, அருள்” என்றேன். அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமைதான். அவர் மெல்லிய நைலான் நூல் ஒன்றை எடுத்தார். “கண்ணை மூடிக்குங்க. நான் தொடும்போது சொல்லுங்க” என்றார். மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். பக்கத்தில் பரமேஸ்வரி விசும்பும் சத்தம் கேட்டது.

“இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?”

“பத்து இடத்துல தொட்டு முடிச்சிட்டேன் அங்கிள். ரெண்டு கால்லயும்.”

ஆறு வருடம் அருள் என்று நான் காட்டியது இனிப்பு நீரில் செத்துப்போன நரம்பை. அதை வைத்துக்கொண்டு வலித்தவனையெல்லாம் கேலி செய்திருக்கிறேன். சீ!

இரண்டு விரல் போயிற்று. லோரி ஓட்டுகிறேன். மாத்திரை தவறுவதில்லை. தினமும் காலையில் பரமேஸ்வரி என் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து, “நல்லா இருக்குங்க” என்பாள். அவள் பார்த்துவிட்டுச் சொல்வதால் நான் நம்புகிறேன். நீங்களும் அம்மாவிடம் கேளுங்கள். தருவாள். வருவது புழுவாக இருந்தாலும் அலறிக்கொண்டு படுத்துவிடாதீர்கள். எழுந்து போய் என்ன என்று பாருங்கள்.

இந்த வருடத் தீமிதியில் நான் இறங்கவில்லை. கோயிலில் அனுமதி கேட்டு, காப்புக் கட்டி வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்தேன். கண்ணை மூடச் சொல்லி வேப்பிலை ஈர்க்கால் உள்ளங்காலைத் தொட்டேன். கூச்சத்தில் சிரித்தார்கள், காலை இழுத்துக்கொண்டார்கள். ஏழாவதாக ஒருவர் உட்கார்ந்தார். வருடா வருடம் எனக்குப் பின்னால், என்னைப் போலவே நடந்து வருகிறவர். குதிகால், நடுப்பாதம், விரல் இடுக்கு என்று தொட்டேன். அழுத்தியும் தொட்டேன். அவர் கண்ணை மூடியபடி புன்னகையோடு உட்கார்ந்திருந்தார்.

“என்ன மணியண்ணே, இன்னும் ஆரம்பிக்கலையா?” என்றார்.

அவர் கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தேன். எல்லார் முன்னாலும் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். திட்டட்டும் என்று விடாமல் பிடித்துக்கொண்டேன்.